ஆற்றையும் கடலையும் ஒன்றாகக் கண்ட அறிஞர்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞத்திற்குத் தெற்கே கடலை ஒட்டி அமைந்த ஊர் கோட்டுகால். அடிமலத்துறைக் கடற்கரை இவ்வூராட்சியைச் சேர்ந்தது. இன்னும் சிறிது தெற்கே சென்றால் பூவாறு. மேற்கு மலையில் பிறந்து வரும் நெய்யாறு அங்கே கடலுடன் கலக்கின்றது. கோடையில் மணல்மேடு எழுந்து ஆற்றின் வாயை அடைக்கும். மழை பெய்து வெள்ளம் பெருகினால் அது உடைந்து வழிவிடும். அவ்விடத்தை அந்நாட்டு மக்கள் 'பொழி' என்பர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தென் திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது. ஆயினும் அக்கோட்டைக் கடல்வாழ் உயிர்கள் அறியா. ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பதை அளந்து காட்டிய ஓர் அறிஞரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் டாக்டர் கேசவ பணிக்கர்.

பணிக்கர் 1913இல் கோட்டயத்தில் பிறந்தார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்து, பின்னர் மேலாராய்ச்சிக்காக இங்கிலாந்து சென்றார். பிளிமத் நகரின் கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் இறால். நம் அடுக்களையில் நாள்தோறும் காணும் எளிய உயிர்தானே என்று நாம் எண்ணலாம். அவர் எழுப்பிய வினாவோ எளியதன்று. உப்பு மிகுந்த கடலிலும் உப்புக் குறைந்த கழிமுகத்திலும் ஒரே உயிர் எவ்வாறு பிழைத்திருக்கிறது?

சிலவகை இறால்கள் கடலில் வாழும்போது அவற்றின் இரத்தம் கடல்நீரைவிட உப்புக் குறைந்திருப்பதை அவர் அளந்தறிந்தார். சுற்றியுள்ள நீரில் உப்புக் குறையும்போது, இரத்தத்தின் உப்பு அதே அளவில் குறைந்துவிடாதபடி அவற்றின் உடல் காத்துக்கொள்வதையும் கண்டார். நீர் வெதுவெதுப்பாக இருப்பின் இத்தாங்கும் திறன் மிகுகின்றது என்பது 1940இல் அவர் வெளியிட்ட கருத்து. வெப்ப நாடுகளின் கழிகளில் கடலுயிர்கள் குளிர் நாடுகளினும் எளிதாக நுழைந்து வாழ்வதற்கு இதனால் ஒரு காரணம் புலனாயிற்று.

இதன் பயன் நம் கரைக்கு மிக அண்மையது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அலையோடும் ஏற்றநீரோடும் கழிமுகம் புகுந்து, அங்கே சில திங்கள் உண்டு வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்கே திரும்பும். ஆகவே பொழிமுகம் கெட்டாலும், காயல் தூர்ந்தாலும், அக்கேடு பின்னர்க் கடலில் வீசும் வலையில் தெரியும்.

1943இல் தாயகம் திரும்பிய பணிக்கர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்திலும் பணியாற்றினார். 1947இல் மத்திய அரசு கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. 1949இல் அது மண்டபம் முகாமுக்கு மாறியது. கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபந்தான்! பிழைக்கச் சென்றோரின் கண்ணீர் கண்ட அக்கரையில் கடலறிவு வளர்ந்தது. அந்நிலையத்தை 1957 வரை பணிக்கர் வழிநடத்தினார். அவருக்குப்பின் டாக்டர் ஜோன்ஸ் பொறுப்பேற்றார். கரையில் இறங்கும் மீனை அறிவியல் முறையில் மதிப்பிடும் பழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது அந்நிலையத்தாலேயே. அதன் தலைமையிடம் பின்னர்க் கொச்சிக்கு மாறியது. விழிஞத்திலும் அதற்கு ஆய்வு மையம் அமைந்தது.

1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் கூடி இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. அப்பெரும் பணியில் இந்தியாவின் பங்கை 1962 முதல் நடத்தியவர் பணிக்கரே. கப்பல்கள் அள்ளி வந்த நுண்ணுயிர் மிதவைகளைப் பகுத்தறியக் கொச்சியில் ஒரு மையம் ஏற்பட்டது. 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் உருவாகிப் பின்னர்க் கோவாவில் நிலைகொண்டபோது, அவரே அதன் முதல் இயக்குநரானார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெருந்தகை 1977இல் மறைந்தார். அவர் எழுதிய கட்டுரைகளைப் போலவே அவர் நிறுவிய நிலையங்களும் அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றன.

அவர் கண்ட உண்மையை நாம் போற்றினோமா? இழுவைப் படகுகள் பெருகியபின், கட்டுமரக்காரர்களின் நெடும்போராட்டத்தை அடுத்து, கேரளத்தில் 1988 முதல் மழைக்கால இழுவைத் தடை நடைமுறைக்கு வந்தது. விழிஞத்தில் எழுந்த பெருந்துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற சரக்குக் கப்பலொன்று மூழ்கிற்று. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. துறைமுகம் வேண்டும், வாணிகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் கடலின் நலத்தை அளந்து சொல்லும் அறிஞர்களும், அவர் சொல்லைக் கேட்கும் அரசும் உடன் வேண்டும்.

ஊரைவிட்டு வந்து இக்காலனியில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் கற்கின்றனர், மகிழ்ச்சியே. அவருள் ஒருவரேனும் கடலியல் கற்கட்டும். விடுமுறையில் ஊர் செல்லும்போது பெற்றோர் அவர்களைப் பூவாற்றுப் பொழிக்கு அழைத்துச் சென்று, வலையிழுக்கும் பெரியவர்களிடம் நீரின் நிறத்தையும் மீனின் வரவையும் பற்றிக் கேட்கச் செய்யட்டும். வினா எழுப்பும் பழக்கம் அங்கே பிறக்கும். பணிக்கரின் ஆராய்ச்சியும் ஓர் இறாலைப் பற்றிய வினாவில்தான் வளர்ந்தது.