முழுப்பேர், அரைப்பேர்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு "பேர்" என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. என்னைப்போல பதுளை டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்கு வந்து, தோட்டம் குறித்த அளவு கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசியின் ஒரு நாள் முழுசா அரைவாசியா என்பதைத் தராசும் அந்தப் புத்தகமும்தான் தீர்மானித்தன.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விமர்சனச் சமூகக் கோட்பாடு படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் புத்தகம்தான். 1972இல் இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்து பார்த்த போல் ஹன்ட் என்பவர் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. 1976இல் அவர்கள் வெளியிட்ட வாதம் இதுதான்: உடலின் குறைபாடு வேறு, இயலாமை வேறு. இயலாமை என்பது சமூகம் மேலதிகமாகச் சுமத்துவது. மைக் ஒலிவர் 1990இல் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி போனார். தொழிற்சாலையின் வேகமும் கூலிமுறையும் வந்தபோதுதான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காத உடல்கள் வெளியே தள்ளப்பட்டன என்றார்.

ஊவாவில் மலையே தொழிற்சாலை. கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார், பிறகு கூலியிலிருந்து கடனைக் கழித்தார். கடனை உழைத்து அடைக்க முடியாத உடலுக்கு அவர் ஏன் முற்பணம் கொடுக்கப்போகிறார்? ஆகவே வடிகட்டல் மண்டபம் முகாமுக்கு முன்பே, சொந்தக் கிராமத்திலேயே தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

வந்த பிறகு? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் ஒரு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அட்டவணையைப் பாருங்கள். கை, கால், கண், விரல் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நூற்றுவீதம். உழைக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு. விபத்தில் கை இழந்தவருக்காவது அந்த அட்டவணையில் ஓர் இடம் உண்டு. பிறவியிலேயே கால் சூம்பியவருக்கு அதுவும் இல்லை. லயத்துக் காம்பராவும் வேலையோடு கட்டுண்டது. பேர் விழாதவர் அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்த கிழவிகளைத் தோட்டத்தார் எல்லோரும் அறிவார்கள். மலையேற முடியாத உடலுக்கும் வேலை இருக்கத்தான் செய்தது, தோட்டம் விரும்பிய அளவுக்கு.

பிறகு சட்டங்கள் வந்தன. 1988இல் அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி வேலையோ பாடசாலை அனுமதியோ மறுக்கக்கூடாது என்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு இயலாமை உண்டு. நூறு பேரில் எட்டு, ஒன்பது பேர். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணியிருக்கிறேன். முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் ஆறாம் வகுப்பு மேல்மாடியில் இருந்தது. லயத்திலிருந்து ஒரு பிள்ளை வருவாள், கால் பலவீனம். லயத்திலிருந்து றோட்டுக்கு வரவே நிறையப் படிகள், அதன் பிறகு எங்கள் படிகள். இரண்டாம் தவணையோடு நின்றுவிட்டாள். இடைவிலகலுக்கான காரணம் என்ற கட்டத்தில் "சுகவீனம்" என்று எழுதினேன். அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட இருக்கவில்லை. கீழ்மாடியில் ஒரு வகுப்பறை பழைய மேசைகளால் நிரம்பிக் கிடந்தது. அதை ஒதுக்கித் தாருங்கள் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை.

கோட்பாடு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லவரவில்லை. மழைநாளில் அந்தப் பிள்ளையின் கால் வலித்தது உண்மையான வலி, அதைச் சமூகம் உண்டாக்கவில்லை. ஆனால் இடாப்பில் அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது.

இப்போது அவளுக்குப் பதினேழு வயதிருக்கும். தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். இல்லையாம். தம்பியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாளாம்.