இன்கா மலைவழியும் மூன்று விகுதிகளும்

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து மச்சு பிச்சு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், 82-ஆம் கிலோமீட்டர் என்றே பெயர் பெற்ற ஓரிடம் உண்டு. இன்கா மலைவழி என வழங்கும் நான்கு நாள் நடை அங்கேதான் தொடங்குகிறது. உருபம்பா ஆற்றைக் கடந்து, மூன்று கணவாய்களில் ஏறி இறங்கி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நடந்தபின், இந்தி புங்கு என்னும் வாயிலில் நின்று மச்சு பிச்சுவைக் காண்கிறோம். கெச்சுவா மொழியில் 'இந்தி' என்றால் கதிரவன், 'புங்கு' என்றால் வாயில். தமிழ்க் காதுக்குச் சற்று வேடிக்கையாக ஒலிக்கும் பெயர்தான்.

இந்நடைக்கு ஆயத்தம் செய்வோர் கால்களைப் பழக்குகின்றனர். காலணியும் மழையாடையும் வாங்குகின்றனர். நுழைவுச் சீட்டுக்கு முந்துகின்றனர். இவை யாவும் வேண்டியவையே. ஆனால், வழியெங்கும் வழிகாட்டி சொல்லப்போகும் வரலாற்றைக் கேட்பதற்குக் காதை ஆயத்தம் செய்வோர் மிகச் சிலர். அதற்கான கருவி அந்த மலைமக்களின் மொழியிலேயே இருக்கிறது. அதனைச் சொல்வதே என் நோக்கம். எனினும், உடலைப் பற்றிய செய்தியை முதலில் முடித்துவிடுவோம்.

நமது புக்கிட் தீமா 164 மீட்டர். நம்மவர் பலரும் ஏறிப் பெருமைகொள்ளும் கினபாலு 4,095 மீட்டர். இன்கா மலைவழியின் உச்சியான வார்மி வஞ்ஞுஸ்கா கணவாய் ஏறத்தாழ 4,215 மீட்டர். அஃதாவது, கினபாலுவின் முடியைவிட 120 மீட்டர் உயர்ந்த இடத்தை நாம் ஒரு கணவாயாகக் கடக்கிறோம். அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. குஸ்கோவே 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே வானூர்தியில் இறங்கிய மறுநாளே நடக்கத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது. இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கவேண்டும். குஸ்கோவைவிடத் தாழ்ந்த ஒய்யந்தாய்தம்போ போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் தங்குவது இன்னும் நன்று. உரிமம் பெற்ற நிறுவனத்தின் துணையின்றி இவ்வழியில் நடக்க இயலாது. வழிகாட்டிகளையும் சுமையாளர்களையும் உள்ளிட்டு நாளொன்றுக்கு 500 பேருக்கே இடம். பிப்ரவரியில் செப்பனிடுவதற்காக வழியை மூடிவிடுவர். உயர நோய்க்கு அங்கே கோக்கா இலையும் அதன் தேநீரும் தருவர். அங்கு அது வழக்கம். ஆனால், 1961-ஆம் ஆண்டின் அனைத்துலகப் போதைப்பொருள் ஒப்பந்தப் பட்டியலில் கோக்கா இலையும் உள்ளது. நினைவுப்பொருள் என்று ஒரு பொட்டலத்தை நம் எல்லைக்குள் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மொழிக்கு வருவோம்.

கெச்சுவா பேசுவோர் தம் மொழியை 'ருனா சிமி' என்பர். மாந்தர் மொழி என்பது பொருள். அதில் 'மழை பெய்கிறது' என்று சொல்லவந்தால், அச்செய்தி தமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதையும் ஒரு விகுதியால் காட்டலாம். 'பரஷன்மி' என்றால், மழை பெய்கிறது, நானே கண்டேன். 'பரஷன்சி' என்றால், பெய்கிறதாம், பிறர் சொல்லக் கேட்டேன். 'பரஷன்ச்சா' என்றால், பெய்கிறது போலும், என் ஊகம். மி, சி, ச்சா: கண்டது, கேட்டது, கருதியது. தமிழிலும் 'ஆம்' என்னும் ஒட்டு இரண்டாவது வேலையைச் செய்கிறது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழ்க் குழந்தையும் அறியும். ஆயினும் நம் மொழியில் கண்டதற்கெனத் தனி விகுதி இல்லை. கெச்சுவாவிலோ மூன்றும் ஒரே வரிசையில் நின்று ஒன்றையொன்று விலக்குகின்றன.

இவ்வொற்றுமையைச் சொன்னவுடன் இருமொழிக்கும் உறவு உண்டோ என்று கேட்கும் ஆர்வலர் எழுவர். சொல்லோடு உருபுகளை அடுக்கும் மொழிகள் துருக்கியிலும் சப்பானிலும் உள்ளன. கெச்சுவாவில் 'ஞொகஞ்சிக்' என்பது முன்னிலையாரை உள்ளடக்கிய நாம். 'ஞொகய்கு' என்பது அவரை விலக்கிய நாங்கள். மலாய் மொழியின் 'கித்தா', 'காமி' ஆகியவையும் அதே வேறுபாட்டைக் காட்டுகின்றன. அதனால் மலாயும் தமிழும் கெச்சுவாவும் ஒரு தாய் மக்கள் ஆகிவிடா. அமைப்பொற்றுமை வேறு, மரபுறவு வேறு.

இம்மூன்று விகுதிகளுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? இன்காக்கள் எழுத்தால் வரலாறு எழுதியவர்கள் அல்லர். 'கிப்பு' என்னும் முடிச்சுக் கயிறுகளில் கணக்கைப் பதிந்தனர். அவற்றைப் பேணிய அலுவலர் அவற்றைத் துணையாகக் கொண்டு செய்திகளை வாயால் எடுத்துரைத்தனர். 1532-க்குப் பின் வந்த ஸ்பானியர் அவ்வாய்மொழிகளைக் கேட்டுத் தம் மொழியில் எழுதினர். அந்த மொழிமாற்றத்தில் முதலில் உதிர்ந்தவை இவ்விகுதிகளே. 1551-இல் எழுதிய குவான் தெ பெத்தான்சோஸ் இன்கா அரச குலத்துப் பெண்ணை மணந்தவர்; கெச்சுவா அறிந்தவர். அவர் நூலில் 'என்று சொல்கிறார்கள்' என்பது அடிக்கடி வரும். பின்வந்தோர் பலர் அத்தொடரையும் விட்டுவிட்டனர். கேட்டது கண்டதுபோல் ஆயிற்று. இதற்கு மாறாக, 1608-ஐ ஒட்டிக் கெச்சுவாவிலேயே எழுதப்பட்ட உவரொச்சிரி ஏட்டில், பழங்கதைகள் நெடுகிலும் 'சி' விகுதி விடாமல் வருகிறது. எழுதியவர் தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லத் துணியவில்லை. மொழியும் அதற்கு இடந்தரவில்லை.

குஸ்கோவில் இறங்கியதும் முதலில் நம் காதில் விழுவது, 'குஸ்கோ என்றால் உலகின் தொப்புள்' என்பது. இதனைப் பரப்பியவர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. 1539-இல் குஸ்கோவில் இன்கா இளவரசிக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பிறந்து, ஸ்பெயினில் வாழ்ந்து, 1609-இல் தம் பெருநூலை லிஸ்பனில் வெளியிட்டவர். இன்காக்களின் தனிமொழியில் அச்சொல்லுக்குத் தொப்புள் என்று பொருள் என அவர் எழுதினார். பெருவின் மொழியியலறிஞர் ரொடொல்ஃபோ செர்ரோன் பலோமினோ இதனை மறுத்தார். அது அய்மாரா மொழிச் சொல் என்றும், ஆந்தை அமர்ந்த பாறை என்னும் பொருளுடைய தொடரின் குறுக்கம் என்றும் பழங்கதைச் சான்றுகளோடு காட்டினார். எனக்கு அவர் வாதமே வலியது எனப் படுகிறது. தொப்புள் அழகிய பொருள்தான். அழகு, சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

மலைவழியில் உள்ள ஊர்ப்பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. சயக்மார்க்கா, புயுபத்தமார்க்கா, விஞாய் வாய்னா ஆகிய பெயர்களைக் கேட்கும் பயணி, இன்கா மன்னரே இட்டவை என்று எண்ணுவார். சொற்கள் கெச்சுவாவே, பெயர்களோ 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஐராம் பிங்காம் 1915-இல் இவ்வழியே வந்தபோது, பின்னர் சயக்மார்க்கா எனப்பட்ட இடத்துக்குச் செட்ரோபம்பா என்று பெயரிட்டார். பம்பா என்றால் சமவெளி. அங்கே சமவெளி ஏதுமில்லை. 1940-41-இல் அகழ்வுக்குழுவோடு வந்த பால் ஃபெயோஸ் பெயரை மாற்றினார். அவர் அங்கேரியில் பிறந்து, திரைப்பட இயக்குநராக இருந்து மானிடவியலுக்கு வந்தவர். 'என்றும் இளமை' எனப் பொருள்படும் விஞாய் வாய்னா, அங்கே பூக்கும் ஓர் ஆர்க்கிட் மலரின் பெயர். அவ்வூரில் படிப்படியாக இறங்கும் வேளாண் மேடைகளையும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும் கல்தொட்டிகளையும் கண்ணால் காண்கிறோம், அது 'மி'. அதில் வாழ்ந்தவர்கள் அவ்வூரை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு 'ச்சா'கூடப் போட இயலாது. வார்மி வஞ்ஞுஸ்கா என்றால் இறந்த பெண். மலைமுகடு மல்லாந்து கிடக்கும் பெண்ணைப்போல் தோன்றுவதால் அப்பெயராம். 'ஆம்' போடாமல் என்னால் இதைச் சொல்ல முடியவில்லை.

மச்சு பிச்சுவும் இதற்கு விலக்கன்று. 1911 ஜூலை 24 அன்று பிங்காமை அங்கு அழைத்துச் சென்றவர் உள்ளூர் உழவர் மெல்ச்சோர் அர்தேயாகா. அகுஸ்தின் லிசாராகா என்னும் இன்னோர் உள்ளூர்க்காரர் தம் பெயரையும் 1902 என்னும் ஆண்டையும் அங்கிருந்த சுவரில் முன்னரே எழுதிவைத்திருந்தார். இன்காக்களின் இறுதிப் புகலிடமான வில்கபம்பா இதுவே என்று பிங்காம் முடிவுகட்டினார். அது 'ச்சா'வை 'மி'யாக்கிய முடிவு. உண்மையான வில்கபம்பா எஸ்பீரித்து பம்பா என்னும் இடம் என இன்று ஏற்கப்படுகிறது. பழைய ஆவணங்களை ஆராய்ந்த தொனாதோ அமாதோ கொன்சாலெஸ், பிரையன் பாவர் ஆகிய இருவரும், அவ்வூரின் பழம்பெயர் உவாய்னா பிச்சு ஆகலாம் என்று 2021-இல் எழுதினர். அதே ஆண்டில், ரிச்சர்டு பர்கர் தலைமையிலான குழு அங்கே கிடைத்த எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி, 1420-ஐ ஒட்டியே மக்கள் அங்கு இருந்தனர் என்றது. பச்சகுத்தி மன்னர் 1438-இல் ஆட்சிக்கு வந்து, அதன் பின்னரே இதனைக் கட்டினார் என்று கேட்டெழுதிய ஆண்டுக்கணக்கு அதனால் ஆட்டங்கண்டது.

மொழியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்னும் துறவி 1560-இல் கெச்சுவாவுக்கு இலக்கணமும் அகராதியும் அச்சிட்டார். கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் 1578-இல் தமிழில் அச்சேறியதை நாம் கொண்டாடுகிறோம். ஆறாண்டு கழித்து, 1584-இல், லிமாவில் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா மும்மொழியிலும் சமய வினாவிடை நூல் அச்சாயிற்று. தென்னமெரிக்காவில் அச்சான முதல் நூல் அதுவே. இவ்வாறு அச்சேறிய மொழியை, 1781-இல் இரண்டாம் துப்பாக் அமாருவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, அரசு பகையாகக் கண்டது. அவருக்கு விதித்த தண்டனை ஆணையிலேயே இன்கா உடைக்கும் நாடகத்துக்கும் தடை வந்தது. மக்கள் ஸ்பானியம் கற்கவேண்டும் என்ற கட்டளையும் வந்தது. 1975-இல்தான் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழியாக ஏற்றது. 2017-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைத் தாய்மொழியாகக் குறித்தனர்.

அவர்களுள் சிலரே மலைவழியில் உங்கள் கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்து முன்னே ஓடுபவர்கள். ஒருவர் சுமை 20 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2001-இல் சட்டம் வந்தது. சோதனைச் சாவடியில் சுமையை நிறுப்பர். உங்கள் பையில் மிகையாக இட்ட ஒவ்வொரு பொருளும் அந்த 20-இல் சேரும். ஆகவே பையைக் கட்டுமுன் இதனை எண்ணுவதும் ஆயத்தத்தின் பகுதியே. நன்றி சொல்ல 'சுல்பாய்கி' என்னும் ஒரு சொல் போதும். கெச்சுவாவில் 'ஞௌபா' என்பது முன்பக்கத்தையும் கடந்த காலத்தையும் குறிக்கும். 'கிபா' என்பது பின்பக்கத்தையும் வருங்காலத்தையும் குறிக்கும். நாமும் முன்னோர் என்கிறோம், பின்னாளில் என்கிறோம். இதனைச் சொன்னால் அடுப்பங்கூடாரத்தில் பேச்சு வளரும்.

வழிகாட்டி கெச்சுவாச் சிற்றூரில் பிறந்தவராக இருந்தால் இன்னொன்றையும் செய்யலாம். முதல் நாள் இரவு, உணவுக்குப் பின், அவர் காலையில் ஆங்கிலத்தில் சொன்ன தொப்புள் கதையையோ இறந்த பெண்ணின் கதையையோ கெச்சுவாவில் ஒருமுறை சொல்லும்படி கேளுங்கள். சொற்கள் உங்களுக்கு விளங்கவேண்டியதில்லை. தொடக்கத் தொடர்களில் அவர் எந்த விகுதியை இடுகிறார் என்பதை மட்டும் உற்றுக் கேளுங்கள்.