ஆடம்பர வரி: சுமை யார் தோளில்?



போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். "சார், ஆடம்பரப் பொருளுக்கு வரி போட்டா பணக்காரங்கதான் கட்டுவாங்க, ஏழைக்குப் பாதிப்பில்லைன்னு எட்டாவதுல சொல்லிக் கொடுத்தீங்க. என் பொண்ணுக்கும் அதையே சொன்னேன். சரிதானே?" என்றான். உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1990இல் அமெரிக்க அரசுக்குப் பெரிய பற்றாக்குறை. அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் காலத்தில் புதிய வரி ஒன்று வந்தது. 1991 ஜனவரி 1 முதல் 30,000 டாலருக்கு மேற்பட்ட கார், 1,00,000 டாலருக்கு மேற்பட்ட படகு, 2,50,000 டாலருக்கு மேற்பட்ட விமானம், 10,000 டாலருக்கு மேற்பட்ட நகை, ரோம ஆடை ஆகியவற்றுக்கு, அந்த வரம்பைத் தாண்டிய தொகையில் 10 சதவீதம் வரி. அதாவது 3 லட்சம் டாலர் படகு வாங்கினால் 20,000 டாலர் வரி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படகு அரிசி பருப்பு அல்லவே! பணக்காரர் "இந்த வருஷம் வேண்டாம்" என்று தள்ளிப்போட்டார். சிலர் பழைய படகு வாங்கினர். முதல் விற்பனைக்கு மட்டும்தானே வரி. பணம் அவர் பையிலேயே இருந்தது. படகு கட்டும் பட்டறைகளில் ஆர்டர் குறைந்தது. தச்சரும் வர்ணம் பூசுபவரும் வேலை இழந்தார்கள். அப்போது அங்கே பொருளாதார மந்தமும் இருந்ததால் முழுப் பழியையும் வரி மீது போட முடியாது. ஆனாலும் 1993இல் கார் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வரியை நீக்கினார்கள். கார் வரி மட்டும் படிப்படியாகக் குறைந்து 2002 முடிவில் நின்றது.

இதைப் படித்தபோது எங்கள் தெரு ஆசாரி மாமா நினைவுக்கு வந்தார். 1962 சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தார். அது வரி அல்ல, கட்டுப்பாடு. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது. தங்க மோகத்தைக் குறைத்து அந்நியச் செலாவணியைக் காப்பது நோக்கம். தங்கம் வேண்டியவர்களுக்குக் கடத்தல் தங்கம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வேலை போனது நாடு முழுக்க இருந்த பொற்கொல்லர்களுக்கு. நான் அப்போது சின்னப் பையன். மாமாவின் ஊதுகுழல் சத்தம் நின்றுபோனதும், அத்தை எங்கள் வீட்டுக்கு அரிசி கடன் கேட்டு வந்ததும் நினைவிருக்கிறது. 1966இல் 14 காரட் வரம்பு போனது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் ரத்தானது. அதற்குள் மாமாவின் பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலில் இல்லை.

ஆடம்பர வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் வாங்கிய சம்பளமும் இப்போது வாங்கும் பென்ஷனும் மக்கள் வரிப்பணம்தான். ஆனால் வரியைக் கட்டுபவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவராக இருக்கலாம். யாரால் விலகிப் போக முடியவில்லையோ அவர் தலையில்தான் சுமை இறங்கும். வாங்குபவருக்கு அந்தப் பொருள் இல்லாமலும் வாழ்க்கை ஓடும். அதைச் செய்பவருக்கு அதுதான் சோறு.

ஆசாரி மாமா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் இத்தனை வருஷம் வகுப்பில் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். மீதிப் பாதி இது. தம்பி, உன் பொண்ணுக்கு இதையும் சேர்த்துச் சொல்லு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்