குடிநோயும் மறுவாழ்வு இல்லங்களும்

மதுவை விலக்க வேண்டும் என்னும் குரல் நம் சமுதாயத்தில் இன்று நேற்று எழுந்ததன்று. 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் பஞ்ச சீலத்தைப் போதித்தார். அதன் ஐந்தாம் சீலம் மயக்கம் தரும் பொருள்களை நீக்குதலாகும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மது அருந்தாமை இடம்பெற்றது.

இதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. சாவு வீட்டில் பறையடித்தவருக்கும், சுடுகாட்டில் பிணம் எரித்தவருக்கும் கூலியோடு சாராயமும் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அவர்களை அத்தொழிலிலேயே கட்டிவைத்த கயிறுகளுள் மதுவும் ஒன்று. ஆகவே குடியை விடுதல் நம் முன்னோர்க்கு உடல்நலம் பற்றிய அறிவுரை மட்டுமன்று. விடுதலையின் ஒரு பகுதியுமாகும்.

அரசின் சட்டமோ வருவதும் போவதுமாக இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் விலக்கப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கடைகள் மீண்டும் மூடப்பட்டு, 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

உறுதிமொழி, குடிக்காதவனைக் காத்தது. சட்டம், கடையை மூடியது. முன்னரே அடிமையாகிவிட்டவனுக்கு இவ்விரண்டும் போதவில்லை. நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும்; உறக்கம் கெடும்; சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகும். அவனுக்கு வேண்டுவது வசைமொழியன்று, மருத்துவம்.

இவ்வுண்மை உலகில் மெல்ல உணரப்பட்டது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியினின்று மீண்டோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்தது. நம் மாநிலத்தில், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு நோயாளி தங்கியிருந்து சிகிச்சை பெறுகிறார். முதலில் உடலிலுள்ள நஞ்சு மருத்துவக் கண்காணிப்பில் நீக்கப்படும். பின்னர் சில வாரங்கள் தனியாகவும் குழுவாகவும் மன ஆலோசனை நடைபெறும். மனைவி, பெற்றோருக்கும் தனி வகுப்புகள் உண்டு. வீடு திரும்பிய பின்னும் தொடர் கண்காணிப்பு உண்டு. பெருநகருக்கு வந்து தங்க இயலாத கிராமத்தாருக்காக, காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில் இவ்வமைப்பு சிகிச்சை முகாம்களையும் நடத்தியது.

ஆயினும் தேவை பெரிது, வசதி சிறிது. 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கு அடிமையானோருள் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவரே. தங்கிச் சிகிச்சை பெற்றவர் ஏறக்குறைய 180 பேருக்கு ஒருவரே. இவ்விடைவெளியில்தான் போலி மருந்துகளும், அடித்துப் பூட்டிவைக்கும் விடுதிகளும் பிழைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்க நோயாளிகளையும் தழுவியது. இத்தகைய சிகிச்சை இல்லங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்றும், நோயாளியைக் கொடுமைப்படுத்தலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. நம்மவரை அழைத்துச் செல்லுமுன் அப்பதிவைக் கேட்டறிதல் நம் கடமை.

சிகிச்சை முடித்துத் திரும்புபவனை ஊர் எவ்வாறு வரவேற்கிறது என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியுள்ளது. பழைய கூட்டாளிகள் கடைத்தெருவில் காத்திருப்பர். அவனுக்கு ஒரு வேலையும், மாலையில் சென்று அமர ஓர் இடமும் வேண்டும். ஒருமுறை தவறினாலும் கைவிடாது மீண்டும் மருத்துவரிடம் அனுப்பும் பொறுமை வேண்டும். குடிகாரத் தந்தையின் பிள்ளை நோட்டுப் புத்தகமின்றி வகுப்பில் தலைகுனிந்து நிற்பதைத் தலைமையாசிரியனாக நான் பலமுறை கண்டுள்ளேன். அத்தந்தையை மீட்பதும் கல்விப் பணியே. கல்விக்கென இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த நம் சங்கம் தன் படிப்பகத்தின் கதவை மாலைதோறும் அவருக்கும் திறந்துவைக்கட்டும். அவர் அருகில் அமர நம் இளைஞர் முன்வருவாராக.