முனிச் நகர சபையின் தீர்மானம்

ஜெர்மனியின் முனிச் நகராட்சியில் சுமார் 14,000 கணினிகளை இயக்கிவந்த விண்டோஸ் என்.டி. 4 பழமைப்பட்டு, உற்பத்தி ஸ்தாபனத்தின் ஆதரவும் முடிவுறும் தருவாயில், புதிய பதிப்பை வாங்குவதா, லினக்ஸைத் தழுவுவதா என்ற பிரச்சினை எழுந்தபோது, மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் கண்டு பேசியும், நகர சபை 2003 மே மாதத்தில் லினக்ஸின் பக்கமே தீர்மானம் நிறைவேற்றியது. இலாகாதோறும் வழங்கிய கடிதத் தலைப்புகளையும் படிவங்களையும் ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளில் ஒழுங்குபடுத்துவதற்கென்றே ‘வோல்மக்ஸ்’ என்னும் கருவியை நகராட்சி நிபுணர்கள் சிருஷ்டித்தனர். பத்தாண்டுப் பிரயாசை 2013-இல் பூர்த்தியாயிற்று. ஆயினும், 2017-இல் அதே சபை விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. மென்பொருளை மாற்ற முற்படுவோர், விலையோடு நில்லாமல், அதை அன்றாடம் கையாளும் ஊழியர்களின் சௌகரியத்தையும் நிர்வாகத்தின் சுயாதீனத்தையும் சேர்த்தே சீர்தூக்க வேண்டும் என்பதே இச்சரித்திரம் போதிக்கும் பாடம்.