ஓணம் விருந்து: வீட்டிலேயே 100 பேருக்குச் சமைக்கத் திட்டமிடுவது எப்படி?

சிங்ங மாதத்துத் திருவோண நாளில் கேரள வீடுகளில் வாழையிலையில் பரிமாறப்படும் சத்யா விருந்தில், உப்பேரி தொடங்கிப் பாயசம் வரை 20-க்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் இடம்பெறுவது வழக்கம். ஆயத்த சத்யாவை உணவகங்களில் முன்பதிவு செய்வோர் பெருகிவிட்டபோதிலும், உறவினர்கள் அனைவரும் தறவாட்டு வீட்டில் கூடும் குடும்பங்களில் சமையல் இன்றும் வீட்டாரின் பொறுப்பாகவே உள்ளது. நான்கு பேருக்குச் சமைத்துப் பழகிய அடுக்களை ஒரே நாளில் 100 பேருக்குச் சமைக்க நேரும்போது, கைப்பக்குவத்தைவிடக் கணக்கே முதன்மை பெறுகிறது.

அந்தக் கணக்கு அரிசியில் அன்றி, பந்தியில் தொடங்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 25 இலைகள் போட இடமிருந்தால், 100 பேருக்கு நான்கு பந்திகள் தேவை. பரிமாறி, உண்டு, இலை எடுத்து, இடத்தைத் துடைத்து மீண்டும் இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிடங்கள் எனக் கொண்டால், நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் விருந்து முடிய 2 மணி 40 நிமிடங்கள் ஆகும். காலை 10 மணிக்கு இறக்கி வைத்த அவியல், கடைசிப் பந்தியின் இலைக்கு வரும்போது நான்கு மணி நேரப் பழமையானதாகிவிடும். சமைத்தவர்களும் முதியோரும் குழந்தைகளும் அந்தப் பந்தியில் அமர்வது பல வீடுகளில் காணப்படும் நிலை. உணவு நஞ்சாகும் ஆபத்து அவர்களுக்கே அதிகம் என்பதால், முதியோரையும் குழந்தைகளையும் முதல் பந்தியில் அமர்த்துவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும் ஆகும்.

சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும்போது நுண்ணுயிரிகள் விரைந்து பெருகுகின்றன. சோற்றில் இதற்குக் காரணமாகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழியாதவை. ஆறிய சோற்றில் அவை முளைத்து உருவாக்கும், வாந்தியை ஏற்படுத்தும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே முழு அரிசியையும் ஒரே தடவையில் வடித்து வைப்பதைக் காட்டிலும், பந்திக்கு 3 கிலோ வீதம் நான்கு ஈடுகளாக வடிப்பது நல்லது. மட்டை அரிசி வேக நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு பந்தி அமரும்போதே அடுத்த ஈடு உலையில் இருக்க வேண்டும். 3 கிலோ அரிசியை வடிக்க 20 லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரம் தேவைப்படும். வீட்டு எரிவாயு அடுப்பின் தாங்கிகள் அந்த எடைக்கு ஏற்றவை அல்ல. முற்றத்தில் செங்கல் அடுப்போ, தரையில் வைக்கும் பெரிய பர்னரோ வாடகைக்கு ஏற்பாடு செய்வதே முறை.

பொருள்களின் அளவுக்குப் பின்வரும் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். 100 பேருக்கு அரிசி 12 கிலோ. நெய்யுடன் முதலில் பரிமாறப்படும் பருப்புக்குப் பாசிப்பருப்பு 2 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, காய்கள் 7 கிலோ. அவியலுக்குக் காய்கள் 9 கிலோ. காளன், பச்சடி, மோர் ஆகியவற்றுக்குத் தயிர் 7 லிட்டர். பாலடைப் பாயசத்துக்குப் பால் 14 லிட்டர், அடை ஒன்றேகால் கிலோ, சர்க்கரை 3 கிலோ. பெரும்பாலோர் குறைத்து மதிப்பிடுவது தேங்காயைத்தான். அவியல், எரிசேரி, தோரன், காளன், ஓலன், அடைப் பிரதமன் என ஒவ்வொன்றும் தேங்காயைக் கேட்பதால், 35 முதல் 40 காய்கள் வரை செலவாகும். உப்பு, மிளகாய், புளி ஆகிய மூன்றையும் ஆள் கணக்கில் பெருக்கக் கூடாது. கணக்கில் வரும் அளவில் முக்கால் பங்கைச் சேர்த்துச் சுவை பார்த்த பிறகே மீதியைச் சேர்க்க வேண்டும்.

கேரளத்தின் ஓணச் சந்தைக்குக் காய்கறிகளில் கணிசமானவை ஒட்டன்சத்திரம் போன்ற தமிழகச் சந்தைகளிலிருந்து செல்கின்றன. பண்டிகை நெருங்கும்போது விலை உயரும் என்பதால், சேனை, பூசணி, வெள்ளரி, தேங்காய் போன்ற கெடாத பொருள்களை ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கலாம். மளிகைப் பொருள்களுக்கு சப்ளைகோ நடத்தும் ஓணச் சந்தைகள் உள்ளன. இலை மட்டும் முதல் நாள் வாங்குவது நல்லது. கிழிசலுக்காகப் பத்து இலை கூடுதலாக வாங்க வேண்டும்.

வேலையைப் பிரிப்பதிலும் முன்யோசனை தேவை. நேந்திரங்காய் வறுவலும் சர்க்கரை வரட்டியும் ஒரு வாரம் முன்பே ஆகிவிடும். இஞ்சிக்கறியும் ஊறுகாயும் மூன்று நாள்களுக்கு முன்பு செய்தால் சுவை கூடும். சுண்டக் காய்ச்சிய குறுக்குக் காளன் முதல் நாளே செய்யத் தக்கது. உத்திராட நாள் மாலையில் காய் நறுக்க எத்தனை கைகள் இருந்தாலும் போதாது. அந்த ஓட்டத்துக்கு உத்திராடப் பாச்சில் என்றே பெயர். சேனை நறுக்குவோர் கையில் எண்ணெய் பூசிக்கொண்டால் அரிப்புக் குறையும். தேங்காய்ப்பால் சேரும் ஓலனும் பிரதமனும் எளிதில் கெடுபவை. அவற்றைத் திருவோணக் காலையில், இயன்றவரை கடைசியாகச் செய்ய வேண்டும்.

பாரம்பரிய வெண்கல, பித்தளை உருளிகள் பாயசத்துக்கு உகந்தவை. ஆனால் தயிரும் புளியும் செம்புக் கலப்புள்ள பாத்திரங்களில் உலோகத்தைக் கரைக்கும். ஈயம் பூசாத உருளியில் காளனோ இஞ்சிக்கறியோ செய்வது உடல்நலத்துக்குக் கேடு. அவற்றுக்கு எவர்சில்வர் பாத்திரமோ கல்சட்டியோ போதும்.

பதார்த்தங்களின் எண்ணிக்கையில் பெருமை தேடுவதுதான் வீட்டு விருந்துகளைப் பெரும்பாலும் குலைக்கிறது. பயிற்சியில்லாத ஐந்தாறு பேர் 26 வகை சமைக்க முயன்றால், அவற்றில் பாதி ஆறிப்போயே இலைக்கு வரும். பருப்பு, சாம்பார், அவியல், தோரன், எரிசேரி, காளன், பச்சடி, இஞ்சிக்கறி, உப்பேரி, அப்பளம், ரசம், மோர், ஒரு பாயசம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டாலும் இலை நிறைந்துவிடும். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க, 25 இலைக்குக் குறைந்தது ஐந்து பேர் பரிமாற வேண்டும். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு கரண்டி மட்டும் வைத்து, கேட்பவருக்கு மறுமுறை பரிமாறினால், இலையோடு குப்பைக்குப் போகும் உணவு பெருமளவு குறையும்.

எஞ்சிய குழம்புகளை ஒன்றுசேர்த்து மறுநாள் கொதிக்கவைத்து உண்ணும் பழங்கூட்டான் வழக்கம் கேரள வீடுகளில் உண்டு. அதற்காக எடுத்து வைப்பதைப் பெரிய பாத்திரத்திலேயே விடாமல், ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்து விரைவாக ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் சேர்க்க வேண்டும். கடைசிப் பந்தி வரை வெளியில் இருந்த சோறும் தேங்காய்ப்பால் பண்டங்களும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றை மறுநாளுக்கு வைக்காமல் அகற்றிவிட வேண்டும்.