ஃபோர்ட் கேனிங்: தண்ணி இல்லாத கோட்டை

சிங்கப்பூர் போறவங்க மெரினா பே, செந்தோசான்னு சுத்திட்டு வந்துடறாங்க. தோபி காட் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு குன்று இருக்கு, ஃபோர்ட் கேனிங் பார்க். அதைப் பத்திதான் இந்த த்ரெட். (தோபி காட்: இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்த இடம். பேர் அப்படியே நின்னுடுச்சு.)

பேர்ல கோட்டை இருக்கேன்னு கோட்டையைத் தேடாதீங்க. ஒரு வாசல், கொஞ்சம் மதில், ஆட்கள் ரகசியமா வெளியேற ஒரு சின்ன வழி. மிச்சம் அவ்வளவுதான்.

மலாய்க்காரர்கள் இதை புக்கிட் லாராங்கான், அதாவது தடை செய்யப்பட்ட குன்று என்றார்கள். பழைய அரசர்கள் வாழ்ந்த இடம் என்று நம்பிக்கை. மேற்குச் சரிவில் நல்ல ஊற்று ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் வந்த புதுசில் கப்பல்களுக்கே அங்கிருந்து குடிதண்ணீர் போனது. சுத்திக் கிணறு தோண்டத் தோண்ட, ஊற்று வத்திப்போச்சு.

1857 சிப்பாய்க் கலகம். சிங்கப்பூரில் அப்போ இந்தியக் கைதிகள் நிறைய, வெள்ளைக்காரர்களுக்கு உதறல். 1859-ல் குன்றின் தலையை வெட்டிச் சமப்படுத்தி, 1861-ல் கோட்டை தயார். கவர்னர் ஜெனரல் கேனிங் பெயரையே வெச்சாங்க. கலவரம் வந்தா ஐரோப்பியர்கள் உள்ளே ஒதுங்கலாம்னு ஒரு கணக்கு. ஆனா உள்ளே சொந்தமா தண்ணி வசதி கிடையாது! பீரங்கி, மதில் எல்லாம் சரி; தண்ணி இல்லாம மனுஷ உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நாலு நாள் தாண்டறதே கஷ்டம்.

யாரும் தாக்கவே இல்லை. 1907-ல் கோட்டையை இடிச்சாங்க. அப்புறம் அங்கே கட்டினது என்ன தெரியுமா? நகரத்துக்கான நீர்த்தேக்கம். 1929-ல் முடிஞ்சது.

அதே குன்றுக்குள்ள, 9 மீட்டர் ஆழத்துல, பேட்டில்பாக்ஸ் என்ற பதுங்கறை. 15 பிப்ரவரி 1942 காலை, ஜெனரல் பெர்சிவல் அங்கே கூட்டம் போட்டார். குண்டுவீச்சில் குழாய்கள் உடைஞ்சு தண்ணி வீணாகிட்டு இருந்தது. ஊருக்குள் சுமார் 10 லட்சம் பேர். பெட்ரோல், விமான எதிர்ப்புக் குண்டுகளும் தீரும் நிலை. தண்ணி ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா குடிக்கத் தண்ணியும் இல்லாம, சாக்கடையும் உடைஞ்ச ஊர்ல அடுத்து வருவது காலராவும் வயித்துக்கடுப்பும்தான். அன்னைக்கு சாயங்காலமே ஃபோர்ட் கார் ஃபேக்டரியில் சரணடைந்து கையெழுத்து.

போனா பேட்டில்பாக்ஸ் பாருங்க. அப்படியே கீழே பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். இப்போ வெறும் புல்வெளி. கல்வெட்டுகளைச் சுத்துச் சுவர்லயே பதிச்சிருக்காங்க. ஊரின் முக்கியக் கட்டடங்களைக் கட்டிய கோல்மன், 1844-ல் காய்ச்சலில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். வயசு 49. சுவரில் வயசுகளைப் படிச்சுக்கிட்டே நடங்க.